கூரையைக் காரோடு கட்டிய பின்னேரம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. கொழும்பு மாமா ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.
2. எங்களை ஏற்றி ஓடிக் காட்டுவதற்காக அதன் கூரையைக் கழற்றினார்.
3. திரும்பப் பூட்டவேண்டிய நேரத்தில் திருகாணிகளைக் காணவில்லை.
4. அப்பா கூரையைக் கட்டினார். கூரை பறந்தது.
5. சின்னம்மா கட்டினார். கூரை பறக்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஐந்தாவதைத்தான். ஆனால் மற்ற நான்கும் இல்லாமல் அது விளங்காது.

அப்போது நாங்கள் வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி ஒன்றில் இருந்தோம். வயல், வாய்க்கால், வாய்க்கால் கட்டோடு ஒரு செம்மண் தெரு. அந்தத் தெரு பெரிய றோட்டில் போய் ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் உண்டு. மாரியில் குளம் நிரம்பி, மிகுதித் தண்ணீர் வழியும் வான் பாய்ந்தால் அந்தப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். பிறகு வடியும்வரை உள்ளே இருப்பவர் உள்ளேதான், வெளியே போனவர் வெளியேதான். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கடப்பவர்கள் உண்டு. காரை அப்படித் தூக்க முடியாது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவாகி, தை பிறந்ததும் போவதற்குப் பெட்டியைக்கூட அடுக்கிவிட்டார். கொழும்பு மாமா அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் தாய்மாமன் மகன், முறை மச்சான். எங்கள் பக்கத்தில் முறை மச்சான் பெண் கேட்டு வருவதில்லை, சும்மா வருவார். வந்து இரண்டு நேரம் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஊர் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்ளும்.

காலை இடியப்பம் சாப்பிடும்போதே அவர் கதையைத் தொடங்கிவிட்டார்.

"கலாசாலை எங்கை ஓடப்போகுது? முதல்லை கலியாணத்தை முடிப்பம். கொழும்பிலை வீடு பாத்து வைச்சிருக்கிறன். படிப்பைப் பிறகு பாப்பம்."

"பிறகு எண்டால்?" என்று சின்னம்மா கேட்டார்.

"பிறகு எண்டால் பிறகுதான்."

"நான் தைக்குப் போறன்," என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா சம்பல் கோப்பையை அவர் பக்கம் தள்ளிவைத்தார். அவர் சிரித்தார். சிறுபிள்ளை சொல்வதைக் கேட்டுச் சிரிக்கும் சிரிப்பு. எனக்கு அது நல்ல சிரிப்பாகவே தெரிந்தது. எனக்கு அவரைப் பிடிக்கும். சிவப்புக் கார் வைத்திருந்த ஒருவரைப் பிடிக்காமல் போக எனக்கு வேறு காரணம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

அந்தக் காரில் இரண்டே பேர் இருக்கலாம். கதவுகள் இடுப்பளவுதான். கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டால் மேலே சட்டம் எதுவும் இல்லை. கூரை தனியான ஒரு தகடு. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் ஒரு விளிம்பும், பின்கண்ணாடிச் சட்டத்தின் மேல் மறு விளிம்புமாகக் குந்தியிருக்கும். நான்கு மூலையிலும் காது வைத்த திருகாணிகள், கையாலேயே கழற்றலாம். மாமா அவற்றைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்து, காரின் முன்தட்டில் இருந்த சின்னப் பெட்டிக்குள் வைத்தார். கூரையை விறாந்தையில் சாக்கு விரித்து அதன்மேல் கிடத்தினார். பிறகு என்னையும் தம்பியையும் ஒரே இருக்கையில் நெருக்கி இருத்தி வாய்க்கால் கட்டு நீளத்துக்கு ஓடினார். வாய்க்குள் பூச்சி போகும்வரை நாங்கள் சிரித்தோம். நாளைக்கும் ஓடலாம் என்று சொன்னார்.

மத்தியானம் வானம் வடகிழக்கில் கறுத்தது. குளத்தடியில் வேலை செய்யும் ஒருவர் சைக்கிளில் போகும்போது படலையடியில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு சத்தம் வைத்தார்.

"மேலை நல்ல மழையாம். இரவைக்கு வான் பாஞ்சாலும் பாயும். காரைக் கொண்டுபோறதெண்டால் பொழுதோடை கொண்டுபோங்கோ!"

அம்மா சோற்றைக் கெதியாகப் போட்டார். மாமா சாவகாசமாகச் சாப்பிட்டு, கிணற்றடியில் கை கழுவி, காருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆணியளைக் காணேல்லை," என்றார்.

எல்லோரும் தேடினோம். அப்பா வாய்க்கால் கட்டில் பார்த்தார். அம்மா முற்றத்துப் புழுதியைக் காலால் கிளறினார். மாமாதான் எல்லோரையும்விடக் குனிந்து தேடினார். அவர் குனிந்தபோதெல்லாம் காற்சட்டைப் பைக்குள் எதுவோ கிலுங்கியது. அது எனக்குக் கேட்டது. ஆனால் தன் பைக்குள் இருப்பதை ஒரு பெரிய மனிதர் ஏன் புழுதியில் தேடப்போகிறார்? அது வேறு ஏதோ என்று விட்டுவிட்டேன்.

"வழியிலை எங்கையோ துள்ளி விழுந்திட்டுது போல," என்றார் மாமா. "கூரையில்லாமல் மழைக்குள்ளை எப்பிடிப் போறது? இண்டைக்கு நிண்டிட்டுத்தான் போகோணும்."

"நில்லுங்கோவன், அதுக்கென்ன," என்றார் அப்பா. அப்பாவுக்கு எந்த விருந்தாளியும் நின்றால் சந்தோஷம்.

சின்னம்மா குசினிக்குள் போனார். நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் பின்னால் போனேன்.

"அக்கா, வான் பாஞ்சால் ஒரு நாளிலை வடியாது," என்று சின்னம்மா அடுப்படியில் அம்மாவுக்குச் சொன்னார். "மூண்டு நாலு நாள் நிப்பார். ஒரு இரவு நிண்டாலே காணும். விடியக் கிணத்தடியிலை என்ரை கலியாணம் முடிஞ்சிடும்."

"நாங்கள் ஒண்டும் சொல்லாட்டில்..."

"நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிறகு நான் மாட்டன் எண்டால், 'வீட்டிலை வைச்சுப் பாத்திட்டு வேண்டாமெண்டவள்' எண்டு கதைப்பினம். நீயும் அத்தானும் அதைக் கேட்டுக்கொண்டு இருப்பியளே? நீங்களே என்னைக் கட்டிக் குடுத்திடுவியள்."

அம்மா சட்டியை இறக்கி வைத்தார். நான் வெளியே வந்து கிணற்றடியைப் பார்த்தேன். துலாவும் வாழையும் போக, அங்கே ஒரு பந்தல் போடவே இடம் போதாது என்று எனக்குப் பட்டது.

சின்னம்மா குசினியிலிருந்து நேரே அப்பாவிடம் போனார். "அத்தான், ஆணியில்லாட்டி என்ன, கயிறு இருக்குதெல்லே? எவ்வளவு வைக்கல் வண்டில் கட்டியிருக்கிறியள்!"

அப்பாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? எங்கள் தெருவில் வைக்கோல் கட்டுவதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. வண்டில் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். மாமா உதவி செய்தார். மறுப்பதற்கு அவருக்கு வழி இருக்கவில்லை. இருவரும் கூரையைத் தூக்கி வைத்தார்கள். அப்பா காரைச் சுற்றிவந்து, வண்டிலில் இருப்பதுபோல கயிறு மாட்டும் முளைத்தடி எங்காவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ஆகவே கயிற்றைக் கூரைக்கு மேலால் போட்டு, ஒரு யன்னலால் உள்ளே விட்டு, மறு யன்னலால் எடுத்து, இன்னொரு சுற்றும் சுற்றி, கதவில் காலை மிண்டு கொடுத்து இழுத்து முடிந்தார். வைக்கோற் கட்டு ஒன்றை இதைவிட வடிவாகக் கட்ட முடியாது.

"இனி யமன் வந்தாலும் அவிழாது," என்றார்.

மாமா வெளிக்கிட்டார். நாங்கள் கை காட்டினோம். வாய்க்கால் கட்டில் கார் ஏறி, வேகம் பிடித்து, புளியமரத்தைத் தாண்டும்போது கூரையின் முன்விளிம்பு மெல்ல வாய் திறந்தது. அடுத்த கணம் கூரை எழுந்து, ஒரு பெரிய சிவப்புக் கொக்குப்போல வயலுக்கு மேலே போய், நெல்லுக்குள் இறங்கியது.

சற்றுப் பிறகு மாமா நடந்து வந்தார். தூறல் தொடங்கியிருந்தது. கூரையைத் தலையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். நனையாமல் வந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

அப்பா ஓடிப்போய்க் கூரையைத் தடவிப் பார்த்தார். சுற்றிய கயிறு சுற்றியபடியே இருந்தது.

"பாத்தியளே? கட்டு அசையேல்லை!"

"அத்தான்," என்றார் சின்னம்மா, "நீங்கள் கூரையைக் கூரையோடை கட்டியிருக்கிறியள்."

அப்பா கயிற்றைப் பார்த்தார். காரை விட்டுவந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். வாழ்நாள் முழுக்க அவர் கட்டிய பாரமெல்லாம் கீழே விழப் பார்த்தவை. மேலே போகப் பார்க்கும் பாரத்தை அவர் அன்றுதான் கண்டார்.

"முயற்சி செய்தாச்சு," என்று மாமா விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றப் போனார். "இனி விடியப் பாப்பம்."

"சப்பாத்தைக் கழட்டாதேங்கோ," என்றார் சின்னம்மா. "காரைக் கொண்டுவாங்கோ."

அன்று முழுவதும் அவர் மாமாவை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை என்பது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

கார் வந்தது. சின்னம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகி, முற்றத்தில் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டார். அம்மா, "ஐயோ, பிள்ளை!" என்றார். பக்கத்துக் காணி மாமி சரியாக அந்த நேரத்தில் நெருப்பு வாங்குகிற சாட்டில் வந்து வேலியடியில் நின்றார்.

"மாப்பிள்ளை இண்டைக்கு நிக்கிறாரே?" என்று கேட்டார்.

"அவர் போறார், மாமி," என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"கூரையே போகமாட்டனெண்டு திரும்பி வந்திட்டுது. நீ ஏனடி அவரைக் கலைக்கிறாய்?"

"கூரைக்குக் கட்டில்லாமல் போட்டுது மாமி. இப்ப கட்டுறன்."

சின்னம்மாவின் யோசனை இதுதான். கயிறு கூரைக்கு மேலால் வந்து, இரண்டு கதவுகளுக்கும் வெளியால் இறங்கி, காரின் வயிற்றுக்கு அடியால் போய்ச் சேரவேண்டும். அது கூரையையும் காரையும் ஒன்றாகப் பிடிக்கும். அது மட்டும் போதாது. காற்று நுழைவது முன்விளிம்பில். ஆகவே முன் பம்பரிலிருந்து பின் பம்பர்வரை நீளப்பாட்டில் இன்னும் இரண்டு கயிறு. காற்று வரும் பக்கத்தை முதலில் இறுக்கவேண்டும். இன்று நான் படவரைஞராக வேலை செய்கிறேன். கூரைகள் பலவற்றை வரைந்திருக்கிறேன். அந்த ஒழுங்கில் ஒன்றையும் நான் மாற்றமாட்டேன்.

மாமா கதிரையில் இருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அடியிலை சைலன்சர் கிடக்கு. அந்தச் சூட்டுக்குத் தும்புக் கயிறு எரிஞ்சுபோம்."

சின்னம்மா எழுந்துபோய், எங்கள் மாடு சிவப்பியின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்தார். சைலன்சரைக் கடக்கும் இடத்துக்குச் சங்கிலி, மீதிக்குக் கயிறு. மாடு எங்களை ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டு அவரைக் கொடிக்குள் போனது.

"பெயின்ற் உரஞ்சும்."

சாக்கைக் கிழித்து மடித்துக் கயிறு படும் இடமெல்லாம் வைத்தார்.

"வைப்பர் வேலை செய்யாது."

"கயிறு கண்ணாடியின்ரை ரெண்டு கரையாலையும்தான் போகுது. வைப்பர் நடுவிலை ஆடட்டும்."

"முன்னாலை தண்ணி ஒழுகும்."

அப்பா இப்போது சின்னம்மா பக்கம் வந்துவிட்டார். வேலை என்று வந்தால் அப்பாவுக்குக் கட்சி கிடையாது. பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை நீளத்துக்குப் பிளந்து, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைத்தார். கூரை அதன்மேல் அசையாமல் குந்தியது. "நல்லாய்ப் பிடிக்குது, பிள்ளை!" என்று தன் கட்டுத் தோற்றதை மறந்து சந்தோஷப்பட்டார்.

"அதையும் மீறி ஒழுகினால் குடை தாறம்," என்றார் சின்னம்மா.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. நான் சின்னம்மாவுக்குக் கயிறு நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி அடியில் படுத்திருந்தார், முகத்தில் சேறு. இவ்வளவு கஷ்டப்படுகிறாரே என்று குனிந்து, காதுக்குள் சொன்னேன்.

"சின்னம்மா, மாமான்ரை பைக்குள்ளை ஏதோ கிலுங்குது. அந்தக் கைலேஞ்சி போலக் கிடக்கு."

சங்கிலியைக் கோத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது.

"எனக்கும் கேட்டது," என்றார். "நீ சத்தம் போடாதை. அந்தக் கயித்துத் தலைப்பைத் தா."

நான் தந்தேன். கை மறுபடி ஓடத் தொடங்கியது, முன்னையிலும் வேகமாக.

எல்லாம் தயார் என்றபோது சின்னம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாமாவின் முன்னால் நின்றார். "ஏறுங்கோ."

"கட்டி முடிக்கேல்லையே?"

"நீங்கள் ஏறினாப் பிறகுதான் முடிக்கலாம். கயிறு கதவுக்கு மேலாலை போகுது."

மாமாவுக்கு இதை விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. "அப்ப நான் எப்பிடி இறங்கிறது?"

"ஏன் இறங்கோணும்? வவுனியாவிலை உங்கடை சிநேகிதர் வீடு இருக்குதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கயிற்றின் இழுவையைச் சோதித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு பொட்டலத்தில் பனங்காய்ப் பணியாரமும் ஒரு குடையும் கொண்டுவந்து இருக்கையில் வைத்தார். அம்மா தன் முடிவைச் சொன்ன விதம் அதுதான். மாமா ஏறினார்.

சின்னம்மா கயிற்றை இழுத்தார். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், கடைசியாக வயிற்றுக் கயிறு. அப்பா ஒரு பக்கக் கதவில் காலை மிண்டினார். மறு பக்கக் கதவில் சின்னம்மா மிண்டினார். நீளத்துக்கு இரண்டும் குறுக்குக்கு ஒன்றுமாகக் கார் ஒரு தபால் பார்சல்போல ஆகிவிட்டது.

"விலாசம் எழுதாத குறைதான்," என்று வேலியடி மாமி சொன்னார். அம்மா சிரித்துவிட்டார். மாமாவும், பாவம், சிரித்தார்.

கடைசி முடிச்சைச் சின்னம்மா மாமாவின் யன்னலோடு போட்டார். உருவு முடிச்சு. கயிற்றின் தலைப்பு ஒன்றை யன்னலுக்குள்ளே அவர் கைக்கு எட்டும்படி விட்டார்.

"இதை இழுத்தால் கதவுக் கயிறு கழண்டிடும். இறங்கலாம். ஆனால் கூரை நிக்காது. வவுனியா மட்டும் இழுக்காதேங்கோ."

மாமா அந்தத் தலைப்பைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். அவருடைய வலது கை காற்சட்டைப் பைக்குள் போயிற்று. எதுவோ கிலுங்கியது. நான் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கை வெறுமையாக வெளியே வந்து, சாவியைத் திருகியது.

"போட்டு வாறன்," என்றார்.

"போட்டு வாங்கோ," என்றார் சின்னம்மா. அன்று அவர் சொன்ன மிக மரியாதையான வார்த்தை அதுதான்.

கார் வாய்க்கால் கட்டில் ஏறியது. நானும் தம்பியும் பின்னால் ஓடினோம். புளியமரத்தைத் தாண்டியது. கூரை அசையவில்லை. பள்ளத்தில் இறங்கி, சில்லுகளுக்கு இருபக்கமும் சேற்றுத் தண்ணீரை எறிந்து, மறுபக்கம் ஏறியது. கூரை அசையவில்லை. பெரிய றோட்டில் திரும்பும்போது பின்விளக்கு ஒருமுறை எரிந்தது. பிறகு மழை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

விடிய எழும்பியபோது வான் பாயும் இரைச்சல் வீட்டுக்குள்ளே கேட்டது. அந்த வாரம் முழுவதும் பள்ளத்தை யாரும் கடக்கவில்லை.

எனக்கு அந்த வாரம் முழுவதும் விளங்காமல் இருந்தது ஒன்றுதான். திருகாணிகள் அவருடைய பையில் இருந்தன. அது சின்னம்மாவுக்குத் தெரியும். கேட்டிருந்தால் அவர் எடுத்துக் கொடுத்திருப்பார். சங்கிலியும் வேண்டாம், சேறும் வேண்டாம், சிவப்பி அவரைக் கொடியைத் தின்றிருக்கவும் மாட்டாது. மழைக்குள் அடைபட்டிருந்த ஒரு நாள் சின்னம்மாவிடமே கேட்டேன்.

"ஏன் சின்னம்மா நீங்கள் அவரைக் கேக்கேல்லை?"

அவர் தையல் பெட்டிக்குள் நூலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கேட்டால் அவர் நிண்டு மறுமொழி சொல்லோணுமெல்லே," என்றார்.

பெரியவர்கள் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கும்போது சொல்கிற பதில் இது என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.

இப்போதுள்ள நிலை இது. சின்னம்மா அந்தத் தையிலேயே கலாசாலைக்குப் போனார். புதுக்குடியிருப்பில் கணக்குப் படிப்பிக்கிறார். கொழும்பு மாமாவுக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் உண்டு. நல்லநாள் பெருநாளுக்கு எல்லோருமாக வந்து போகிறார்கள். கூரை கழலாத காரில். கயிறும் சங்கிலியும் திரும்பி வரவில்லை. திருகாணிகளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் அவரை இன்னும் கேட்கவில்லை.